பேராதனை வளாகமும் கொட்டியாரக் கரையும்

மகாவலி கங்கை கடலை அணுகுமிடத்தில் அமைந்த ஊர்களுள் கிளிவெட்டியும் ஒன்று. மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்த அவ்வாறு, மூதூர்ப் பக்கத்திலே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. கிளிவெட்டி வயலோரத்தில் நின்று அந்த நீரைப் பார்ப்பவர்க்கு, அது வரும் வழியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நடுவே புகுந்து வருகின்றதென்பது உடனே நினைவுக்கு வருவதில்லை. கண்டி நகரிலிருந்து நாலைந்து மைல் தொலைவில், ஹந்தானை மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் இடையே ஏறத்தாழ 1,700 ஏக்கர் நிலத்திற் பரந்துகிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகமே அது. நகரத்துக்குள்ளும் அடங்காமல், நகரத்தை விட்டு வெகுதூரம் விலகியும் போகாமல், புறநகரொன்றில் ஒரு பல்கலைக்கழகத்தை முற்றிலும் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டுவது எங்ஙனம் என்பதற்கு இலங்கையிற் காட்டத்தக்க முதல் உதாரணம் அதுவேயாகும்.

இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் பழையது. 1906ஆம் ஆண்டிலே இலங்கைச் சர்வகலாசாலைச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அக்காலத்தில் உயர்கல்வியை நாடிய இளைஞர் கப்பலேறிச் சீமைக்குச் செல்லவேண்டும். இயலாதார் உள்நாட்டிலிருந்தே இலண்டன் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றவேண்டும். 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அக்கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. இலண்டன் வகுத்த பாடத்திட்டத்தையே அது கற்பித்துவந்தது. முழுமையான சர்வகலாசாலை ஒன்றைக் காணாமலே அருணாசலம் 1924இற் காலமானார்.

அதற்குப் பின் நிகழ்ந்த கதை சற்று விசித்திரமானது. பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். அதனை எங்கே அமைப்பது என்பதிலே பிளவுபட்டார்கள். கொழும்பிற் புல்லேர்ஸ் வீதிப் பக்கத்து நிலம் தக்கதென்று ஒரு சாரார் வாதித்தனர். மற்றொரு சாரார் கண்டிப் பகுதியே வேண்டுமென்றனர். பத்திரிகையாளர் டி. ஆர். விஜயவர்த்தன கண்டிக் கட்சிக்குத் தம் பத்திரிகைகளின் முழு வலிமையையும் அளித்தார். இந்தப் பூசலை 'இடங்களின் போர்' என்றே வரலாறு எழுதினோர் குறிப்பிடுவர். போர் என்ற சொல் மிகையாகத் தோன்றலாம். ஓராண்டு ஈராண்டில் முடியாது பல்லாண்டு நீடித்த அந்தத் தர்க்கத்தை வேறெவ்வாறு அழைப்பது!

அந்தத் தர்க்கத்தை நிலத்தைப் பற்றிய பிணக்கென்று மட்டும் கொள்வது தவறு. எத்தகைய மாணவனுக்காகப் பல்கலைக்கழகம் எழுகின்றது என்பதே அதன் அடியிற் கிடந்த வினா. கொழும்பிற் கட்டினால் வைத்தியசாலைகளும் நீதிமன்றங்களும் நூல்நிலையங்களும் அருகிலிருக்கும். மாணவர் பெற்றோர் வீட்டிலிருந்தே வந்துபோகலாம். செலவும் குறையும் என்பது கொழும்புக் கட்சியின் வாதம். கேட்பதற்கு நியாயமானதே. ஆனால் வீட்டிலிருந்து வந்துபோகக் கூடியவன் யார்? கொழும்பிலே வீடுள்ளவனுடைய மகன். யாழ்ப்பாணத்தானுக்கும் மட்டக்களப்பானுக்கும், திருகோணமலையிலிருந்து வருபவனுக்கும் கொழும்பு எவ்வளவு அந்நியமோ அவ்வளவு கண்டியும் அந்நியமே. அவர்கள் எங்கே படித்தாலும் வாடகை அறை தேடவேண்டியவர்கள். படிப்பவர் அனைவரும் ஒரே வளாகத்தில் விடுதிகளில் தங்குவதானால், நகரத்துச் செல்வன் பிள்ளையும் நாட்டுப்புறத்து விவசாயி பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் ஒரே வகை அறையில் இருப்பார்கள். வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற கொள்கைக்கு ஒக்ஸ்போர்ட்டையும் கேம்பிரிட்ஜையும் பின்பற்றும் ஆசை ஒரு காரணமாயிருந்தது உண்மையே. எனினும் தூர மாகாணத்தானுக்கு அக்கொள்கையால் விளைந்த நன்மை அந்த ஆசையிலும் பெரிது.

முதலிலே கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பள்ளத்தாக்குப் பேசப்பட்டது. வேறு இடங்களும் ஆராயப்பட்டன. ஈற்றில் 1938இற் பேராதனை முடிவாயிற்று. அங்கே தெரிவுசெய்யப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி ஒரு தேயிலைத் தோட்டம். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஆறு, அருகே 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா, எட்டும் தூரத்திற் புகையிரதப் பாதை, நாலைந்து மைலிற் கண்டி நகரம் என இத்தனையும் ஓரிடத்திற் பொருந்திவருவது எளிதன்று. நகரம் அருகில் இருந்தமையால் தபால், சந்தை, வைத்தியசாலை முதலியவற்றுக்கு அல்லற்படவேண்டியதில்லை. நகரம் சற்று விலகி இருந்தமையால் எதிர்கால விரிவுக்கு இடம் குறையவில்லை. கொழும்பு நிலத்திற் கட்டியிருப்பின் சில பத்தாண்டுகளுள் மதிலோடு மதில் முட்டியிருக்கும்.

நிலம் கிடைத்தபின் திட்டம் வகுக்க அழைக்கப்பட்டவர் நகர அமைப்புக் கலையில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் பற்றிக் அபகுறொம்பி. பின்னாளில் போரினாற் சிதைந்த இலண்டன் நகரத்துக்கு மறுவாழ்வுத் திட்டம் வகுத்தவரும் இவரே. 1940இல் அவர் இலங்கைக்கு வந்து நிலத்தைப் பார்வையிட்டார். கிளிபோர்ட் ஹொலிடே அவரோடு சேர்ந்து திட்டப்படத்தை ஆக்கினார். அவர்கள் கைக்கொண்ட முறையைச் சிறிது விரித்து நோக்குவது பயன்தரும்.

வெறும் சமநிலத்தில் நகரம் அமைப்போர் கோடு கிழித்து வீதிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வகுப்பது வழக்கம். பேராதனை நிலமோ அலை அலையாக எழுந்தும் தாழ்ந்தும் கிடப்பது. அதில் நேர்கோட்டு வீதி போட முயன்றாற் குன்றுகளை வெட்டவேண்டும், பள்ளங்களை நிரப்பவேண்டும். வெட்டிய சரிவுகள் மழைக்குக் கரைந்து ஓடும். ஆகவே நிலத்தின் இயல்புக்கே திட்டம் இணங்கிற்று. பள்ளத்தாக்கினூடே செல்லும் கலஹா வீதியே வளாகத்தின் முதுகெலும்பாயிற்று. தாழ்நிலத்தின் நடுவிலே நிருவாகக் கட்டடமும் விரிவுரைக் கட்டடங்களும் நூல்நிலையமும் ஒன்றையொன்று நடந்து அடையும் தூரத்தில் வகுக்கப்பட்டன. விடுதிகள் அவற்றைச் சூழ்ந்துள்ள மேட்டு நிலங்களில், ஒவ்வொன்றும் தனித்தனியே தன் மரச்சோலையோடு எழுமாறு இடம் பெற்றன. காலையில் மாணவர் மேட்டிலிருந்து இறங்கி வகுப்புக்கு வருவர். மாலையில் ஏறிச் செல்வர். இந்த இறக்கமும் ஏற்றமும் பேராதனையிற் படித்தவர் எவரும் மறவாத ஒன்று. மழைநாளில் அந்த ஏற்றத்தைச் சபித்தவர்களும் பிற்காலத்தில் அதனை அன்போடு நினைவுகூர்வதுண்டு.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஹந்தானைச் சிகரங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதுபோலக் கட்டடங்கள் தாழ்ந்து அடங்கி நிற்கின்றன. மலையே அங்கே தலைமைக் கட்டடம். மனிதன் கட்டியவை அதன் அடியில் அமர்ந்திருப்பவை. செல்வமுள்ள நாடுகளிற்கூடப் பல பல்கலைக்கழகங்கள் இந்த அடக்கத்தைக் கற்கவில்லை.

திட்டப்படம் ஆயத்தமான வேளையிலே யுத்தம் குறுக்கிட்டது. 1941இற் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக வந்த ஐவர் ஜெனிங்ஸ் பெரும் சட்ட அறிஞர். ஒரு காரியத்தை எடுத்தால் முடிக்கும்வரை ஓயாதவர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அதே ஆண்டு யூலை முதலாந் திகதி, கட்டளைச் சட்டமொன்றின் மூலம் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. குண்டு விழுந்து மூன்று மாதம் நிரம்புமுன் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கத் துணிந்த உள்ளத்தை வியவாதிருக்க இயலாது. ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். அப்போது அதில் இருந்த மாணவர் 904 பேர். இருப்பிடம் கொழும்பே; பேராதனையோ இன்னும் காகிதத்திலே இருந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் பேராதனைப் பூங்காவிலே வந்து தங்கிற்று. பல்கலைக்கழகம் எழவேண்டிய ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தவர்கள் படைத்தளபதிகளே. சீமெந்தும் உருக்கும் யுத்தத் தேவைகளுக்கே போதாதிருந்த காலத்தில் விடுதி கட்டுவது யாங்ஙனம்? யுத்தம் ஓய்ந்த பின்னரே கட்டடவேலை வேகம் பெற்றது.

அவ்வேலையைத் தலைமேற்கொண்டவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். திட்டம் ஆங்கிலேயருடையது, அதற்கு உருவம் கொடுத்த கை இந்நாட்டவருடையது. பழைய அநுராதபுரம், பொலநறுவை, கண்டி ஆகிய இராசதானிகளின் கட்டட மரபிலிருந்து அவர் பல கூறுகளை எடுத்தாண்டார். இரு தட்டாகச் சரியும் ஓட்டுக் கூரை, வேலைப்பாடமைந்த கற்றூண்கள், படிக்கட்டின் அடியிலே அரைவட்டமாகக் கிடக்கும் சந்திரவட்டக்கல் முதலியன அங்கே காணப்படுகின்றன. செனேற் மண்டபத்தின் கீழ்த்தளம் சுவரின்றித் தூண்களின்மீது திறந்து நிற்கின்றது. காற்றும் மனிதரும் தடையின்றி அதனூடே செல்லலாம். கண்டி அரசரின் கொலுமண்டபத்தை அது நினைவூட்டும். கொங்கிறீற்றுச் சட்டகத்தின்மீது பழைய கோலம் பூசுவது போலி என்று குறைகூறுவோரும் உண்டு. ஒருசில இடங்களில் அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அகன்ற கூரைச் சாய்ப்பு மழையைச் சுவரிற் படாது தடுக்கின்றது. திறந்த தாழ்வாரம் வெயிலை நிறுத்திக் காற்றை விடுகின்றது. பழைய மரபு பயனோடு கூடி நிற்குமிடத்தில் அதனைப் போலி என்று தள்ளுவது நேர்மையாகாது. தாம் தொடங்கிய முழுத் திட்டமும் நிறைவேறுவதைக் காணுமுன் டி அல்விஸ் மறைந்தார். அவர் பெயராலான நினைவுச்சின்னம் அவர் சமைத்த வளாகத்துள்ளேயே இருக்கின்றது.

1949இற் சட்டம், விவசாயம், மிருகவைத்தியம் ஆகிய துறைகளைச் சேர்ந்த மாணவர் முதன்முதலாகப் பேராதனைக்குக் குடிபெயர்ந்தனர். 1952 ஒக்டோபரிற் கலைத்துறைகள் கொழும்பை விட்டு வந்தன. 1954 ஏப்ரல் 20ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் முன்னிலையிற் கோமகன் பிலிப் அதனை முறைப்படி திறந்துவைத்தார். ஈராண்டாக நடந்துவரும் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் திறப்புவிழா எடுத்ததைக் கோமகனே நகைச்சுவையோடு குறிப்பிட்டாரென்பர். விடுதிகளுள் முதலாவதற்கு அருணாசலத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1906இல் அவர் எழுப்பிய குரலுக்கு நாடு செலுத்திய மிகப் பொருத்தமான நன்றி அதுவாகலாம். இராமநாதன், ஜயதிலக, விஜயவர்த்தன, ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ என்னும் பெயர்களும், பெண்களுக்கான சங்கமித்தை, ஹில்டா ஒபயசேகர என்னும் பெயர்களும் மற்ற விடுதிகளுக்கு அமைந்தன.

ஒரு வளாகம் கட்டடத்தால் மட்டும் நிறைவுறுவதில்லை. தேயிலை பிடுங்கிய சரிவுகளில் மரங்கள் நாட்டப்பட்டன. வீதியோரத்து மரங்கள் ஆண்டில் ஒரு பருவத்தில் இலையுதிர்த்துப் பூவால் மூடப்படுவதைக் காண இன்றும் வெளியூரார் வருவதுண்டு. நான்கு சமயத்தவருக்கும் வழிபாட்டிடங்கள் வளாகத்துள் எழுந்தன. மேட்டிலே நிற்கும் குறிஞ்சிக் குமரன் கோயில் தமிழ் மாணவர் பலரின் மாலை நடைக்கு எல்லையாயிற்று. அருகிலுள்ள சிறு புகையிரத நிலையத்துக்குச் சரசவி உயன என்று பெயர். அதன் பொருள் கலைமகள் பூங்கா.

சரிவான பள்ளமொன்றைச் செதுக்கி அமைத்த திறந்தவெளி அரங்கு தனியாகக் கூறத்தக்கது. கூரையில்லை, ஆடம்பரமில்லை, மலைச்சரிவே இருக்கை. 1961இற் பேராசிரியர் சரச்சந்திரவின் 'சிங்கபாகு' அங்கே அரங்கேறியது. தமிழ்த்துறையிலே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் வழிவந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இற் 'கர்ணன் போர்' ஆடப்பட்டது. பின்னர் 'இராவணேச'னும் 'வாலிவதை'யும் வந்தன. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட வடமோடிக் கூத்து இரண்டொரு மணித்தியாலத்துள் அடங்கும் நாடகமாக உருப்பெற்றது. கிழக்கு மாகாணத்திலிருந்து படிக்க வந்த இளைஞர், மௌனகுரு போன்றோர், தம் ஊரிற் கண்டு வளர்ந்த ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் ஆடினார்கள். விடுதி வாழ்க்கை இல்லாதிருந்தால் இது நிகழ்ந்திராது. மாலை ஐந்து மணிக்குப் பஸ் பிடித்து வீடு திரும்பும் மாணவரைக்கொண்டு இரவிரவாகக் கூத்துப் பழக்க முடியுமா?

ஆயினும் பேராதனையின் அழகிய ஒழுங்கு நெடுங்காலம் குலையாது நிற்கவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயன் பதினைந்து ஆண்டில் வெளிப்பட்டது. நாட்டுப்புற மத்திய கல்லூரிகளிற் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலுக்கு வந்து சேர்ந்தனர். 1960இல் கலைப்பிரிவிலே தாய்மொழியில் கற்கும் மாணவர் அனுமதிக்கப்பட்டதும் தொகை பெருகிற்று. 1961இல் விஞ்ஞானபீடமும் 1962இல் மருத்துவபீடமும் பேராதனையில் ஏற்பட்டன. 1964இற் பொறியியற்பீடம் கொழும்பிலிருந்து வந்து ஆற்றின் மறுகரையிற் குடியேறிற்று. ஒருவருக்கு ஓரறை என்று கட்டிய விடுதிகளில் இருவர், பின்னர் அதற்கும் மேற்பட்டோர் தங்கினர். இட நெருக்கடி சச்சரவுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் வித்திட்டது. தனியறையின் அமைதியைக் காப்பதற்காக வாயிலை அடைத்திருப்பதா, அன்றி அறையை நெருக்கிக்கொண்டு மேலும் பிள்ளைகளை உள்ளே விடுவதா என்ற வினாவுக்கு ஜெனிங்ஸின் திட்டத்தில் விடையில்லை. அவர் 1955இலேயே நாடு திரும்பிவிட்டார். நாடு இரண்டாவதையே தேர்ந்தது. கிளிவெட்டி போன்ற ஊர்களிலிருந்து பார்ப்பவர் அத்தெரிவைப் பிழையென்று கூறார்.

தெரிவு அதுவாயின் ஒரு பேராதனை போதாது என்பது தானே தொடரும். 1974இல் யாழ்ப்பாணத்திலே திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. 1981இல் மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில், ஒரு மகாவித்தியாலயத்தின் கட்டடங்களில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கத்துக் கோணேசபுரியில் இன்று அமைந்திருப்பது அப்பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அது 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, 2001இல் வளாகமென்னும் நிலையை எய்தியது. இவையெல்லாம் ஆற அமர இருந்து படம் வரைந்து கட்டப்பட்டவை அல்ல. இருந்த கட்டடத்திற் புகுந்து, யுத்தத்தினூடே தட்டுத்தடுமாறி வளர்ந்தவை. அபகுறொம்பிக்குக் கிடைத்த வெற்றுக் காகிதம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்திருப்பினும் பேராதனையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து கடற்கரையில் வைப்பது மதியீனம். அங்கே நிலம் சரிவு. இங்கே சமதரை மணல். அங்கே ஆண்டின் பெரும்பகுதி ஈரம். இங்கே மாரி வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சில மாதங்களிற் கொட்டித்தீர்ந்துவிடும், மற்ற மாதங்களிற் கச்சான் அனலாக வீசும். ஆகவே கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கவேண்டும். மேற்குச் சுவரிற் சாளரம் குறையவேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம் வெயில் படாது நடந்துபோகத் தாழ்வாரம் வேண்டும். பூமரங்களிலும் பார்க்க வேம்பும் மருதும் பாலையும் இங்கே பயன்படும். நாட்டினாற் பத்து வருடத்திலாவது நிழல் கிடைக்கும். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நிலாவெளிக் கரையைக் கடல் ஏறி அழித்ததைக் கண்டபின், கரைக்கும் கட்டடத்துக்கும் இடையே விடவேண்டிய தூரத்தை எவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பேராதனையிலிருந்து கொண்டுவரத்தக்கது ஒன்றுண்டு: முதலில் நிலத்தைப் படித்து, பிறகு கோடு போடும் அந்த வழக்கம்.

வழி என்னும் விடயம் எஞ்சுகின்றது. பேராதனையைத் தேர்ந்தோர் வீதியையும் புகையிரதப் பாதையையும் எண்ணியே தேர்ந்தனர். கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை வளாகத்துக்குச் செல்பவருக்கோ இடையிலே கொட்டியாரக் குடா. நெடுங்காலம் மூதூரிலே இயந்திரப்படகு ஏறவேண்டும். அல்லது தரைவழியே சென்று ஓடம் ஓடமாக மாறவேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு ஓடாது. வரைபடத்தில் அண்மையாகத் தோன்றும் வளாகம், அந்நாளில் பேராதனையிலும் எட்டாததாகிவிடும். 2009 ஒக்டோபரிற் கின்னியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளுக்கும் 2011இற் பாலங்கள் வந்தன. அதன்பின் மூதூர்ப் பக்கத்திலிருந்து காலையிற் பஸ் ஏறும் மாணவி, ஓடத்துக்குக் காத்திராமல் மகாவலியின் முகத்தைப் பாலத்தின்மேலே கடந்து, நகரத்தில் இறங்கி, நிலாவெளி வீதியில் மறு பஸ் பிடிக்கலாம்.